பேச்சிக்குப் பின்னால் இருந்த இடம்

1

போன செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் காதில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் என் மகள் தேவகி ஸ்டாம்பு வாங்க வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் பியூன், "ராமாயி ராமாயின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாச்சும்மா. ஆள் வரலைன்னு எழுதிட்டாங்க. இனி அடுத்த மாசம்தான்" என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் விட்டுப்போன அதே பெஞ்சியில், அதே மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

"கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். கேட்காமல் விட்டாள். நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள், இந்த ஊரில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறோம் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது கையில் இருந்தால்தான் டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் அவளுக்கு இடம். கடைசி நாள் இந்த மாதக் கடைசி. அடுத்த மாதம் வரும் சான்றிதழை வைத்து அடுப்புதான் பற்ற வைக்கலாம்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டாள், தண்ணீர் எடுத்து வந்தாள், பேச்சு மட்டும் கிடையாது.

சிலோனிலிருந்து உங்கள் பத்திரிகைக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு எழுதியிருந்தார். இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிகளும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், இங்கிருந்து நிறையப் பேர் அங்கே வரப்போகிறார்கள், முன்னாடியே போனவர்கள் அங்கத்து நிலைமையை உள்ளபடி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அரிசி விலை, வெயில், கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். உள்ளபடி எழுதுவதென்றால் வேறு ஒன்றைத்தான் எழுத வேண்டும்.

2

முதலில் இங்கத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்டது அதைத்தானே.

துறையூர்ப் பக்கம் எங்கள் பாட்டன் பிறந்த ஊர் இது. பாட்டனுக்கு ஊர், எனக்கு வெளிநாடு. வந்த புதிதில் கடையில் போய் "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "பானையெல்லாம் வேளார் வீட்லதாம்மா கெடைக்கும்" என்றார். நான் கேட்டது ரொட்டி. திருச்சி ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் "கோச்சி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்க, அந்த மனிதர் "கொச்சிக்கா? கேரளா வண்டி ராத்திரிதான்" என்று கைகாட்டிவிட்டார். நாங்கள் சும்மா ரயிலைத்தான் கேட்டோம். அங்கே இருந்தவரை சிங்களச் சொல் என்று தெரியாமலே பேசிக்கொண்டிருந்த சொற்களை இங்கே வந்துதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன்.

அங்கே நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே எங்கள் வீட்டுக்குப் பேரே சிலோன்காரர் வீடு. தேவகிக்கு இது பிடிக்கவில்லை. இரண்டே வருஷத்தில் அவள் பேச்சை மாற்றிக்கொண்டாள். நான் "பீலி" என்றால் "குழாய்னு சொல்லும்மா" என்பாள். கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் நான் வாய் திறக்காமல் இருப்பது அவளுக்கு நல்லது என்று எனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருகிறவர்களுக்கு உதவும். தேயிலைக் கொட்டை கொண்டு வராதீர்கள். என் முந்தானையில் பதினைந்து கொட்டை முடிந்து வைத்திருந்தேன். தலைமன்னாரில் கப்பல் ஏறும் முன் ஒரு அதிகாரி அவிழ்க்கச் சொன்னார். "விதை கொண்டு போகக்கூடாது" என்றார். "விதைக்க இல்லீங்க ஐயா, வெளையாட" என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. பதினைந்தையும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதி என்னிடம் கைநாட்டுக் கேட்டார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கொட்டைகள்தான் எங்கள் ஆடுகள்.

3

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். பேர் வேண்டாம். லயத்து வீட்டு வரிசையில் என் காம்பராவுக்கு அடுத்த காம்பரா பேச்சியுடையது. நானும் அவளும் ஒரே வயது, ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போனால், துணி காய்கிற வரைக்கும் பீலிக்கரைக் கல்லில் கரியால் கட்டம் கீறி ஆடுபுலி ஆடுவோம். ஆம்பிளைகள் ஆடுகிற ஆட்டத்தைப் பொம்பிளைகள் ஆடுவதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. பேச்சி அவர்களையே உட்கார வைத்து ஆடித் தோற்கடித்து அனுப்புவாள்.

தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடிகிற வரை, இறங்கிய எந்த ஆடும் இருந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. புலி மட்டும் முதலிலிருந்தே நகரும். ஒரு ஆடு தனியாக இருந்து, அதற்குப் பின்னால் உள்ள இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிப்போய் அந்த இடத்தில் உட்காரும். அதுதான் வெட்டு. பின்னால் இன்னொரு ஆடு இருந்துவிட்டால் புலிக்குத் தாண்டிப்போய்க் கால் வைக்க இடமில்லை.

எல்லாரும் புலிக்குத்தான் ஆசைப்படுவார்கள். பேச்சி எப்போதும் ஆடுதான் கேட்பாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"புலியக் கொல்றதுக்கு வழியே இல்லாத ஆட்டம் புள்ள இது. பதினஞ்சு ஆடு இருந்தும் புலியோட ஒரு முடியப் பிடுங்க முடியாது. கட்டத்தான் முடியும்."

"கட்டி?"

"கட்டிட்டா அது பேசாம ஒக்காந்திருக்கும். ஆடும் உசுரோட, புலியும் உசுரோட. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

அவள் ஆடும்போது வாய்க்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டையும் விரலால் தொட்டு, "ஒனக்குப் பின்னாடி யாரு? ஒனக்குப் பின்னாடி யாரு?" என்று கேட்டுக்கொண்டு போவாள். பதில் இல்லாத ஆட்டுக்குப் பக்கத்தில் அடுத்த கொட்டையை வைப்பாள். எனக்குச் சிரிப்பாக வரும். நான் புலியை வைத்துக்கொண்டு அவசரப்பட்டு வெட்டப்போய், கடைசியில் மூலையில் மாட்டிக்கொள்வேன்.

4

அப்போது தேவகிக்கு நாலு வயது. பேச்சியின் கைப்பிள்ளைக்கு எட்டு மாதம்.

காலையில் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவோம். பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். எத்தனையோ காலமாக நடந்து வந்த வழக்கம். மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த கண்டாக்கு ஐயா அதை நிறுத்தினார். மத்தியானம் கொழுந்து நிறுக்க வரும்போது கொடுத்தால் போதும் என்றார். பத்து மணி ஆனால் பேச்சிக்குச் சட்டை நனைந்துவிடும். கீழே பிள்ளை அழுகிற சத்தம் மலைக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே கொழுந்து கிள்ள வேண்டும். இரண்டு வாரம் கிள்ளினார்கள். எட்டுத் தாய்மார்.

தோட்டத்துத் துரையிடம் சொல்லலாம் என்றால் கண்டாக்கு ஐயாதான் முந்திக்கொள்வார். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தோட்டத்து ஆபீசான கந்தோரிலிருந்து கீழே ரோட்டுக்கு ஓடிப்போய், அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நாம் சொல்வது எடுபடாது.

பேச்சி பீலிக்கரையில் கரியை எடுத்து, கந்தோர் வாசலைக் கீறிக் காட்டினாள். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், நடுவில் எட்டுப் பேர் உட்காருகிற அகலத்துக்கு ஒரு வழி.

"நாம போயி துரைகிட்ட நிக்க வேணாம். இங்கன ஒக்காருவோம். துரை மேல வரணும்னா நம்மளத் தாண்டித்தான் வரணும், அவரு எறங்கி என்னான்னு கேப்பாரு. கண்டாக்கையா கீழ போகணும்னாலும் நம்மளத் தாண்டித்தான் போகணும். தாண்ட எடம் குடுக்கக்கூடாது."

பால் கொடுக்கிற எட்டுப் பேரும் முன்வரிசை, கந்தோரைப் பார்த்து. அவர்களுக்குப் பின்னால், முதுகோடு முழங்கால் முட்ட, இன்னும் ஏழு பேர். கான் ஓரத்தில் இருந்தவளுக்கு மட்டும் பின்னால் கட்டுச்சுவர் இருந்தது, ஆள் தேவையில்லை. மொத்தம் பதினைந்து. கணக்கு அப்படி அமைந்தபோது அவளே கொஞ்சம் அசந்து போனாள்.

"சத்தம் போடக்கூடாது. கை ஓங்கக்கூடாது. ஆம்பளைங்க ஒருத்தரும் வரக்கூடாது. கவ்வாத்துக் கத்தியெல்லாம் வீட்ல இருக்கட்டும்" என்றாள். அவள் வீட்டுக்காரர் கருப்பையாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கோபக்காரர். "பொம்பளைங்கள ஒக்கார வச்சிட்டு நாங்க அடுப்பூதறதா?" என்றார். "ஊதுங்க, ஒரு நாளைக்கு" என்றாள் பேச்சி.

பிறகு என்னிடம் வந்தாள். எனக்குக் கைப்பிள்ளை இல்லை, எனக்கு இதில் ஒன்றும் ஆக வேண்டியதும் இல்லை.

"எனக்குப் பின்னாடி நீ இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

5

மறுநாள் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாமல் நேராகக் கந்தோர் வாசலில் போய் உட்கார்ந்தோம். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் நனைந்திருந்தன. என் முழங்காலில் பேச்சியின் முதுகுச் சூடு தெரிந்தது. அவள் மடியில் பிள்ளை.

கண்டாக்கு ஐயா வெளியே வந்தார். திட்டினார். ஒருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு மண்மேட்டுப் பக்கம் வந்து பார்த்தார், கான் பக்கம் போய்ப் பார்த்தார். ஒரு வரிசையாக இருந்திருந்தால் ஒரே எட்டில் தாண்டியிருப்பார். இரண்டு வரிசையைத் தாண்டக் கால் எட்டவில்லை. நடுவில் கால் வைக்க ஒரு விரற்கடை இடம் இல்லை. உள்ளே போய்விட்டார். முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பேச்சி திரும்பாமலே, மெதுவாக, "கட்டிட்டோம் புள்ள" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி விறாந்தையில் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்பு நிறக் கடுதாசி.

"ராமாயி. கண்டி இந்தியன் ஆபீசுலருந்து வந்திருக்கு. இப்ப வந்து கையெழுத்துப் போடலேன்னா திருப்பி அனுப்பிருவேன்."

இதை எப்படிச் சொல்வது. குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் காத்திருந்தது ஒரே ஒரு கடுதாசிக்கு. சிலோனில் மனுப் போட்டுத் தள்ளுபடியாகி, இந்தியாவிலாவது சேர்த்துக்கொள்வார்களா என்று பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டு, மூன்று வருஷம். அது ஒன்று. இன்னொன்று, பெரட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து விடியற்காலையில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் முன்னால் வந்தால்தான் அன்றைக்குப் பேர் போடுவார்கள். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பேர் கேட்டால் கால் தானாக எழும். புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் என் கால் எழுந்துவிட்டது.

இதெல்லாம் சாக்கு. நான் எழுந்தேன், அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குள் நுழைந்து வெளியே வந்தேன். பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "போயிட்டு வந்திர்றேன்" என்றேன். அவர் கடுதாசியை உள்ளே இருந்த கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு என் எதிரே வந்தார், என்னைக் கடந்து போனார். நான் விறாந்தைப் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்க்கும்போது, அவர் பேச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தார். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளின் தோளுக்கு மேலாக, சப்பாத்துக் காலைத் தூக்கி, நான் இருந்த இடத்தில் வைத்தார். மறு எட்டில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

உட்கார்ந்திருக்கிற ஆளைத் தாண்டுவது என்றால் நம்மிடத்தில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கைப்பிள்ளைக்காரியை.

ஆம்பிளைகள் வரக்கூடாது என்று பேச்சி சொன்னதைக் கருப்பையா கேட்கவில்லை. மேலே தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்டாக்கு ஐயாவின் நெற்றியில் பட்டது. பெண்கள் எல்லோரும் கூச்சல் போட்டு எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்தது. துரை பார்த்தது ஒரு மனிதனின் முகத்தில் ரத்தம், சுற்றிலும் கத்துகிற கூட்டம். உட்கார்ந்திருந்த பதினைந்து பேரை அவர் பார்க்கவேயில்லை.

நான் விறாந்தையில் நின்றேன். கிளாக்கர் கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்து மேல்விலாசத்தைப் படித்தார். "இது மேல்கணக்கு லயத்து ராமாயிக்கு. புருசன் பேரு வேற. ஒனக்கில்லம்மா" என்றார்.

கண்டாக்கு ஐயா தெரிந்து கூப்பிட்டாரா, தெரியாமல் கூப்பிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் மூன்று ராமாயி இருந்தோம்.

6

வேலையிலிருந்து நிறுத்துகிற பத்துச்சீட்டு கருப்பையாவுக்கு மட்டும் வரவில்லை. குடும்பத்துக்கே வந்தது. ஒரு வாரத்தில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். பத்து மணிப் பால் அந்த வருஷம் திரும்பக் கிடைக்கவில்லை. கல்லெறிகிற கூட்டத்தோடு பேச ஒன்றுமில்லை என்று துரை சொல்லிவிட்டாராம்.

அந்த ஒரு வாரமும் நான் பேச்சியின் கண்ணில் படாமல் நடந்தேன். ஒரே சுவர், அடுத்தடுத்த வாசல், எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போகிற நாள் காலையில் அவளே என் காம்பராவுக்கு வந்தாள். கையில் ஒரு துணி முடிச்சு.

"கடுதாசில என்னா எழுதியிருந்துச்சு புள்ள?"

அப்போது சொல்லியிருக்கலாம். அது எனக்கு வந்ததில்லை, வேறு ராமாயிக்கு என்று ஒரு வாக்கியம். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக எழுந்து போனேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"போட்டோ கேட்டிருக்காங்க" என்றேன். "ரெண்டு போட்டோ."

அவள் முகம் உண்மையிலேயே கொஞ்சம் தெளிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"நல்லதாப் போச்சு. ஒம்பேரக் கூப்பிட்டா நீ போகாம என்ன செய்வ? ஒனக்காச்சும் ஒரு வழி பொறந்துச்சே" என்றாள். முடிச்சை என் கையில் வைத்தாள். பதினைந்து தேயிலைக் கொட்டை. "நான் போற எடத்துல பெறக்கிக்கிறேன். தேயில மரம் இல்லாத ஊருக்குத்தானே நீ போற."

மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார்கள். நல்லதண்ணிப் பக்கம் ஏதோ தோட்டத்தில் கருப்பையாவின் அண்ணன் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தெரியாது. எங்களுக்கு உண்மையான கடுதாசி வர இன்னும் நாலு வருஷம் ஆனது. அது வந்தபோது சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

7

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நேற்று தேவகி கோயில் மண்டபத்தில் கூட்டாளிகளோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தாள். இங்கே புளியங்கொட்டை. புலி அவள்தான். வெட்டு, வெட்டு என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்ப்பதைக் கண்டுவிட்டு எழுந்து வந்தாள். நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏம்மா எந்திரிக்கல? நெசமாச் சொல்லு."

சொன்னேன். பெஞ்சியில் நான் உட்கார்ந்திருந்தபோது, என் முன்னால் தரையில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எந்த ஊரோ, எந்த மனுவோ. காலையிலிருந்து காத்திருந்த களைப்பில் என் முழங்காலில் முதுகைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் பேரைக் கூப்பிட்டார்கள்.

"அவங்கள எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பியிருக்கலாம்."

"இங்க நான் இருக்கேன்னு ஒரு சத்தமாச்சும் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருக்கலாம்."

"அவங்க யாரும்மா நமக்கு?"

அவள் கேட்டதெல்லாம் நியாயம். எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன், உட்கார வேண்டிய இடத்தில் எழுந்தேன். முதலாவதுக்கு விலை என் பிள்ளை கொடுக்கிறாள். விடுதி இடம் போய்விட்டது. இந்த வருஷம் டவுனுக்குப் போக ஆறு மைல், வர ஆறு மைல் அவள் நடக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டது எனக்கு வந்த கூப்பாடுதான். அந்த ஆபீசில் அன்றைக்கு வேறு ராமாயி இல்லை.

வரப்போகிறவர்களுக்கு எழுத ஆரம்பித்து, எங்கேயோ வந்துவிட்டேன். வாருங்கள், வெயில்தான் அதிகம், மற்றபடி பழகிவிடும். ஆனால் நல்லதண்ணி, மஸ்கெலியா பக்கம் இதை வாசிக்கிறவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். பேச்சியம்மா என்று ஒருத்தி இருப்பாள், வீட்டுக்காரர் பேர் கருப்பையா, என் வயது. ஆடுபுலியில் ஆடுதான் கேட்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்தக் கடைசி வரிகளை மட்டும் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பேச்சி, போட்டோ ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடுதாசி எனக்கு வந்ததே இல்லை.